வண்டி நிற்கும் இடத்துக்கு வரி



யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஆசிரியர் என்றதும் ஒரு சைக்கிளும் சேர்ந்தே நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. அந்தச் சைக்கிளின் முன்புறத்தில், நாரையின் தலை பொறித்த சின்னத்தோடு, ‘ரலி, நொட்டிங்ஹாம், இங்கிலாந்து’ என்ற எழுத்துக்களைப் பார்த்திராத பழைய மாணவர் மிகச் சிலரே. நொட்டிங்ஹாம் எங்கே இருக்கிறது என்று தேசப்படத்திற் காட்டத் தெரியாதவர்க்கும் அவ்வூரின் பெயர் இவ்வாறு பழக்கமாயிற்று. ரலி வீதி என்னும் தெருவிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிறந்த அக்கைத்தொழில், 2002ஆம் ஆண்டில் அந்நகரில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. தொழிற்சாலை இருந்த நிலத்தின் ஒரு பகுதியில் இன்று பல்கலைக்கழகக் கட்டடங்கள் நிற்கின்றன.

சைக்கிள் செய்து புகழ்பெற்ற அதே நகரம் 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் முதலாந் திகதி தொடக்கம் வேறொரு காரியத்தாற் பேசப்பட்டு வருகிறது. வேலைத்தலங்களில் ஊழியரின் மோட்டார் வண்டிகள் நிற்கும் இடங்களுக்கு அந்நகரசபை ஆண்டுதோறும் வரி அறவிடத் தொடங்கியது. இத்தகைய வரியை முதன்முதலாக நடைமுறைப்படுத்திய பிரித்தானிய நகரம் அதுவே. அந்த வரியைப்பற்றியும், காலையில் வேலைக்குப் புறப்படும் மனிதனை அது எவ்வாறு வந்தடைகிறது என்பதைப்பற்றியும் இன்று பேச எண்ணுகிறேன்.

பிரித்தானியப் பாராளுமன்றம் 2000ஆம் ஆண்டில் நிறைவேற்றிய போக்குவரத்துச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள உள்ளூராட்சி மன்றங்களுக்கு இரண்டு அதிகாரங்களைக் கொடுத்தது. வீதியிற் செல்லும் வண்டிக்குக் கட்டணம் விதிப்பது ஒன்று. வேலைத்தலத்தில் நிற்கும் வண்டிக்கு வரி விதிப்பது மற்றொன்று. இலண்டன் மாநகரம் வேறொரு சட்டத்தின்கீழ் 2003ஆம் ஆண்டில் வீதிக் கட்டணத்தை மேற்கொண்டது. நொட்டிங்ஹாம் நகரத்தார் இரண்டாவது வழியைத் தெரிந்துகொண்டார்கள். ஓடும் வண்டியைக் கண்காணிப்பதற்குத் தெருவெங்கும் படக்கருவிகள் வேண்டும். நாளொன்றுக்குப் பல்லாயிரம் வண்டிகளின் இலக்கங்களைப் பதிவுசெய்ய வேண்டும். நிற்கும் இடத்தை எண்ணுவதோ எளிது. இடம் எங்கும் ஓடிப்போவதில்லை.

வரியின் அமைப்பு இது. நகர எல்லைக்குள் ஊழியருக்குத் தரிப்பிடம் கொடுக்கும் ஒவ்வொரு வேலைகொள்வோரும் நகரசபையிடம் அனுமதிப்பத்திரம் பெறல் வேண்டும். ஒரே சமயத்தில் அதிகபட்சமாக எத்தனை வண்டிகள் நிற்கும் என்பதே கணக்கு. பத்து இடங்களும் அதற்குக் குறைந்தனவும் உள்ளவர்க்குப் பணம் இல்லை. பதினொன்று ஆகிவிட்டால், பதினோராவது இடத்துக்கு மட்டுமன்றிப் பதினொன்றுக்கும் செலுத்த வேண்டும். 2012ஆம் ஆண்டில் ஓர் இடத்துக்கு 288 பவுண் விதிக்கப்பட்டது. பதினோர் இடங்களுக்கு 3,168 பவுண் ஆகிறது. பத்து இடங்களோடு நிறுத்திக்கொண்ட அயல் வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை. இதைக் கேட்டவுடன் ஓர் இடத்தைப் பூந்தொட்டிகளால் அடைத்துவிடலாமே என்ற யோசனை எவருக்கும் தோன்றும். உண்மையிலேயே, வரி நடைமுறைக்கு வருமுன்னரே சில நிறுவனங்கள் தமது தரிப்பிடங்களைக் குறைத்துக்கொண்டன. நகரசபைக்கு அதிலே வருத்தம் இருந்திருக்க நியாயமில்லை. இடங்கள் குறைய வேண்டும் என்பதும் வரியின் நோக்கங்களுள் ஒன்றன்றோ?

இவ்வரிக்கு நியாயம் என்ன என்று கேட்கலாம். தன் காணியில், தன் ஊழியர், தன் சம்மதத்தோடு வண்டியை நிறுத்துகிறார். இதில் நகரசபைக்கு என்ன வேலை?

இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடையை எழுதிவைத்தவர் கலிபோர்ணியாவிலே பேராசிரியராயிருந்த டொனால்ட் ஷூப் என்பவர். 2025ஆம் ஆண்டிற் காலஞ்சென்ற அவர், இலவசத் தரிப்பிடம் என்று உலகில் ஒன்றுமில்லை என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தி வந்தார். நிலத்துக்கு விலை உண்டு. தார் போடுவதற்குச் செலவு உண்டு. விளக்கும் காவலும் சும்மா கிடைப்பனவல்ல. வண்டியோட்டி கொடாத அந்தப் பணத்தை வேறு யாரோ கொடுக்கிறார். ஒரு கந்தோரில் இரு எழுதுவினைஞர் ஒரே சம்பளத்துக்கு வேலைசெய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் காரில் வருகிறார். அவருக்கு நகரத்தின் நடுவே ஒரு துண்டு நிலம் நாள்முழுதும் இனாமாகக் கிடைக்கிறது. மற்றவர் பஸ்ஸில் வருகிறார். பஸ் கட்டணத்தைத் தன் பையிலிருந்து கொடுக்கிறார். சம்பளப் பட்டியலிலே இருவரும் சமம். உண்மையிற் சமமல்லர். கலிபோர்ணிய மாநிலம் இந்தச் சமமின்மையைக் கண்டு 1992ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. வாடகைக்குத் தரிப்பிடம் எடுத்து ஊழியருக்கு இனாமாகக் கொடுக்கும் பெரிய நிறுவனங்கள், அவ்விடம் வேண்டாம் என்னும் ஊழியருக்கு அதன் பெறுமதியைக் காசாகக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டம் என்றே நான் கருதுகிறேன். காரில் வருபவரைத் தண்டியாமல் நடந்து வருபவருக்கு நீதி செய்கிறது.

நொட்டிங்ஹாம் வழி இதனினும் கடுமையானது. காரில் வருவோரும் நடந்து வருவோரும் சமமாகுமாறு அது ஒருவருக்குக் கொடுக்கவில்லை, மற்றவரிடமிருந்து எடுக்கிறது. எடுத்ததை எல்லார்க்கும் பயன்படும் வாகனத்தில் இடுகிறது. இங்கேதான் அந்த வரியின் உயிர் இருக்கிறது.

வரிப்பணத்தை உள்ளூர்ப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்பது சட்டத்திலுள்ள கட்டளை. 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நொட்டிங்ஹாம் நகரசபை தன் வரவு செலவைச் சமன்செய்ய முடியவில்லை என்று பகிரங்க அறிவித்தல் கொடுக்க நேர்ந்தது. நூலகங்களுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் பணமின்றித் தவித்த அந்நேரத்திலும் தரிப்பிட வரியை எடுத்து அப்பள்ளத்தை நிரப்பச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. இது நன்மையா தீமையா என்பது அவரவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. எனினும், வரி விதிக்கும்போது ஒன்றைச் சொல்லிப் பின்பு வேறொன்றுக்குச் செலவழிக்கும் பழக்கத்தைக் கண்டு சலித்த நமக்கு இந்தக் கண்டிப்பு வியப்பாகவே இருக்கும்.

பணம் போன வழி கண்ணுக்குத் தெரிவது. நகரத்தின் இக்கால டிராம் சேவையின் முதலாவது பாதை 2004ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டுவிட்டது. அது வடக்கே ஹக்னல் என்ற ஊருக்குச் செல்கிறது. 2015ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மேலும் இரு பாதைகள் திறக்கப்பட்டன. ஒன்று டிரென்ட் ஆற்றைக் கடந்து தெற்கே கிளிப்டன் என்னும் குடியிருப்புக்குப் போகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரசபை கட்டிய பெருங்குடியிருப்பு அது. மற்றது மேற்கே பெரிய வைத்தியசாலையையும் பல்கலைக்கழகத்தையும் தொட்டுக்கொண்டு பீஸ்டன் வழியாகச் செல்கிறது. மேற்குப் பாதையின் முடிவில் ஏறத்தாழ 1,400 வண்டிகள் நிறுத்தக்கூடிய மைதானம் ஒன்றையும் அமைத்தார்கள். நகருக்கு வெளியே காரை விட்டுவிட்டு உள்ளே டிராமில் வரலாம். இப்பாதைகளுக்கான செலவில் மத்திய அரசாங்கத்தின் பங்கு பெரிது. நகரசபை தன் பங்கைத் தேடிக்கொண்ட வழிதான் தரிப்பிட வரி. ரயில் நிலையத்தின் புனருத்தாரணத்துக்கும் சில பஸ் சேவைகளுக்கும் அதே வரியிலிருந்து பணம் சென்றது.

நிற்க. வரி இறுப்பவர் யார் என்ற வினாவுக்கு இனி வருவோம். என் பேச்சின் முக்கியமான பகுதி இதுவே.

சட்டத்தின் கண்ணில் வரி இறுப்பவர் வேலைகொள்வோர். ஊழியரின் பெயர் அதில் எங்கும் இல்லை. ஆனால் வேலைகொள்வோர் அதனைத் தாமே தாங்க வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. விரும்பினால் ஊழியரிடம் அறவிடலாம். சில நிறுவனங்கள் முழுவதையும் தாமே ஏற்றன. வேறு சில முழுவதையும் ஊழியரின் மாதச் சம்பளத்திற் கழித்தன. இன்னுஞ் சில, சம்பளம் உயர உயரக் கட்டணமும் உயருமாறு படிமுறை வகுத்தன. ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு கந்தோர்களில் ஒன்றிலே ஊழியர் வரியென்று ஒன்று இருப்பதையே உணராமலிருக்கலாம். மற்றதிலே மாதந்தோறும் அதன் சுமையை உணரலாம். நகரசபை விதித்த வரி ஒன்று. மக்கள் இறுத்த வரி பலவகை.

அந்தச் சுமையின் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டு தோறும் வரி உயர்ந்து 2024ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஓர் இடத்துக்கு 550 பவுண் ஆயிற்று. 288இலிருந்து 550 என்றால் ஏறத்தாழ இருமடங்கு. கேட்கும்போது பயமாகவே இருக்கிறது. ஆனால் அக்காலத்தில் அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியும் உயர்ந்தது. 2012 ஏப்பிரலில் வளர்ந்தோருக்கான குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 6 பவுண் 8 பென்ஸ். 2024 ஏப்பிரலில் 11 பவுண் 44 பென்ஸ். வகுத்துப் பாருங்கள். முன்னையதில் 47 மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட உழைப்பு. பின்னையதில் 48 மணித்தியால உழைப்பு. ஆகவே கடைநிலை ஊழியனுக்கு வரியின் பாரம் பன்னிரண்டு ஆண்டுகளில் அதிகம் கூடவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே அது இலேசான பாரமன்று. முழுவதும் அவன்மேல் விழுமாயின், ஆண்டில் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட கூலியை வண்டி நிற்கும் நிலத்துக்கென்றே அவன் கொடுக்கிறான். அதே கந்தோரின் முகாமையாளர் அதே 550 பவுணை ஒரு நாள், இரு நாள் ஊதியத்திற் கொடுத்து முடிக்கிறார். இடத்தின் அளவு இருவருக்கும் ஒன்றே என்பது உண்மைதான். ஆயினும் வரி என்பது நிலத்தை அளக்கும் சங்கிலி அன்று.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. வரியின் கணக்கு, மிக அதிகமான வண்டிகள் நிற்கும் வேளையை வைத்துச் செய்யப்படுவது என்று முன்னரே சொன்னேன். பெரும்பாலான இடங்களில் அது பகற்பொழுதே. இரவு பத்து மணிக்கு வந்து தரை துடைக்கும் ஒருவர் வெறிச்சோடிக் கிடக்கும் மைதானத்தில் வண்டியை நிறுத்துகிறார். அவரால் நிறுவனத்தின் வரி ஒரு பென்ஸும் கூடவில்லை. காலை நெருக்கடிக்கும் அவர் காரணரல்லர். எல்லாரும் வேலைக்கு வரும் நேரத்தில் அவர் வீடு திரும்புகிறார். டிராம் வண்டியோ நள்ளிரவுக்குப் பின் ஓய்வெடுத்துக்கொள்கிறது. அவருக்கு அது பெரிதும் பயன்படாது. இவ்வளவும் இருக்க, தரிப்பிட அட்டை வைத்திருக்கும் ஊழியர் அனைவரும் ஒரே தொகை கட்ட வேண்டும் என்று நிறுவனம் தீர்மானித்தால் அவரும் கட்ட வேண்டியவரே. கிளிப்டனில் வாழ்ந்து, நகர மத்தியில் ஒன்பது மணிக்கு வேலை தொடங்கும் எழுதுவினைஞரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வரியும் நல்லது, டிராமும் நல்லது. காரை வீட்டில் விட்டுப் பெட்ரோல் செலவையும் மிச்சம் பிடிக்கலாம். ஆகவே இவ்வரி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதிற் பொருளில்லை. உமது வீடு எங்கே, உமது வேலை எத்தனை மணிக்கு என்றே கேட்க வேண்டும்.

விலக்குகளைப்பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. தீயணைப்பு முதலிய அவசர சேவைகளுக்கும், தேசிய சுகாதார சேவையின் நேரடி மருத்துவப் பணியிடங்களுக்கும், அங்கவீனர் அட்டையுடையோர் நிறுத்தும் இடங்களுக்கும் வரி இல்லை. கடைகளுக்கு வரும் வாடிக்கையாளரின் இடங்களும் கணக்கிற் சேரா. நகரின் ஓரத்திலுள்ள பேரங்காடி முன்னே நூற்றுக்கணக்கான கார்கள் வரியின்றி நிற்பதை ஊழியர்கள் காட்டிக் காட்டிப் பேசியதில் வியப்பில்லை. நகர எல்லையும் ஒரு சங்கடம். டிராம் எல்லையைத் தாண்டிச் செல்கிறது. வரி எல்லையில் நின்றுவிடுகிறது. டிராமின் பயனைப் பெறும் பீஸ்டன் நகரின் மத்தியிலுள்ள கந்தோருக்கு அவ்வரி இல்லை. அது வேறு சபையின் ஆட்சிக்கு உட்பட்டது.

பாடசாலைகளுக்கு விலக்கு அளிக்கப்படவில்லை. ஆசிரிய சங்கத்தார் இதனை எதிர்த்தார்கள். நானும் அத்தொழிலைச் சேர்ந்தவனாகையால் என் பேச்சிற் பட்சபாதம் இருந்தால் நேயர்கள் பொறுத்துக்கொள்வார்களாக. மூன்று வகுப்புகளின் கொப்பிகளைத் திருத்துவதற்காக வீட்டுக்கு எடுத்துச்செல்லும் ஆசிரியை ஒருவர், மழைநாளில் இரண்டு பஸ் மாறிப் போவது எத்தகையது என்பதை வரவு செலவுத் திட்டம் எழுதுவோர் அறியார். எனினும் ஆசிரியருக்கு விலக்கு அளித்தால் அதே பாடசாலையின் சமையற்காரருக்கு ஏன் இல்லை, அடுத்த கட்டடத்து அச்சகத் தொழிலாளிக்கு ஏன் இல்லை என்ற கேள்விகள் வரிசையாக வரும். விலக்குகள் பெருகப் பெருக வரி ஓட்டைச் சட்டியாகும். ஸ்கொட்லாந்தின் பாராளுமன்றம் இதே அதிகாரத்தை 2019ஆம் ஆண்டின் சட்டத்தால் உள்ளூராட்சி மன்றங்களுக்கு அளித்தபோது வைத்தியசாலைகளுக்குச் சட்டத்திலேயே விலக்குக் கொடுத்தது. பாடசாலைகளை அவ்வாறு சேர்க்கவில்லை.

பலன் என்ன? நெருக்கடி மறைந்துவிட்டது என்று சொன்னால் நொட்டிங்ஹாம் வாசிகளே நகைப்பார்கள். ஆராய்ந்தோர் கண்டது அடக்கமான பலனே: நெருக்கடியின் வளர்ச்சி, வரியில்லாதிருந்தால் எந்த அளவுக்குச் சென்றிருக்குமோ அந்த அளவுக்குச் செல்லவில்லை. முதலாளிமார் நகரைவிட்டுக் கூட்டங் கூட்டமாக ஓடிவிடுவர் என்று எதிராளிகள் எச்சரித்தனர். அப்படி ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. எதிராளிகள் பெரும்பாலும் முதலாளிமாரைப்பற்றியே கவலைப்பட்டார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. இரவிலே தரை துடைப்பவரைப்பற்றிக் கவலைப்பட்டவர் குறைவு.

மற்றைய நகரங்களில் இதன் கதி வேறுபட்டது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அரசாங்கம் நகர மத்தியின் தரிப்பிடங்களுக்கு வரி விதித்து, அந்தப் பணத்தில் அதே பகுதியிற் கட்டணமில்லாப் பஸ்களை ஓட்டியது. ‘பூனை’ என்று பொருள்படும் செல்லப்பெயர் கொண்ட அப்பஸ்களில் எவரும் சீட்டு வாங்காமல் ஏறலாம். நொட்டிங்ஹாமுக்குத் தெற்கே அதிக தூரமில்லாத லெஸ்டர் நகரமோ தானும் இவ்வரியை விதிக்கத் திட்டமிட்டு, மக்களின் அபிப்பிராயமும் கேட்டு, 2022ஆம் ஆண்டு நவம்பரில் அதனைக் கைவிட்டது. விலைவாசி ஏறியிருக்கும் காலத்தில் மேலுமொரு சுமை தகாது என்பதே சொல்லப்பட்ட காரணம். அதற்குள்ளே இன்னொரு காரணமும் இருக்கிறது என்பது என் எண்ணம். நொட்டிங்ஹாம் மக்கள் வரி கேட்கப்பட்டபோது எட்டு வருடமாக ஒரு டிராமைக் கண்ணாற் கண்டு அதில் ஏறியிருந்தார்கள். அடுத்த பாதை எப்படியிருக்கும் என்று எவரும் விளக்கத் தேவையில்லை. லெஸ்டர் நகரத்தாருக்கு அவ்வாறு காட்டுவதற்கு ஒரு டிராம் இருக்கவில்லை. நல்ல பஸ்கள் வரும் என்ற வாக்குறுதியே இருந்தது. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகும் மனிதன் வாக்குறுதியில் ஏறிப் போக முடியாது.

இந்த வரியை விதிக்க நினைக்கும் சபைகள் இனியும் வரலாம். அவை நொட்டிங்ஹாம் ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அனுமதிப்பத்திர நிபந்தனைகளில் இரண்டொரு விதிகளைச் சேர்க்க அதிகாரம் கேட்கலாம். வரியை ஊழியரிடம் அறவிட விரும்பும் வேலைகொள்வோர் சம்பளத்தின் படிமுறைக்கேற்ப அறவிடல் வேண்டும். வண்டிகள் மிகுந்து நிற்கும் வேளையில் வராத ஊழியரிடம் ஒன்றும் அறவிடலாகாது. எத்தனை இடங்கள், எவ்வளவு பணம், அதில் எவ்வளவு ஊழியரிடமிருந்து பெறப்பட்டது என்ற மூன்று எண்களையும் ஆண்டிறுதியிற் சபைக்கு அறிவிக்க வேண்டும். முதலாவது எண்ணைச் சபை ஏற்கனவே அறியும், இரண்டாவதையும் அறியும். மூன்றாவது எண் இப்போது ஊழியரின் சம்பளச் சீட்டுகளில் மட்டுமே சிதறிக் கிடக்கிறது.